படுகளத் திடலும் தெரு மட்டமும்: திருப்பணி நிறைவு அறிக்கை

திருப்பணிக் குழு உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் தெருப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நம் திரௌபதி அம்மன் கோயில் திருப்பணி நல்லபடியாக முடிந்து, தை மாதத்தில் கும்பாபிஷேகமும் அதைத் தொடர்ந்து 48 நாள் மண்டலாபிஷேகமும் நடந்தேறிவிட்டன. தணிக்கை செய்த வரவு செலவுப் பட்டியல் முன்மண்டபப் பலகையில் ஒட்டியிருக்கிறது. ஆனால் குழுவினரைத் தெருவில் பார்ப்பவர்கள் கணக்கைக் கேட்பதில்லை. “ஒரு சின்னக் கோயிலுக்கு இவ்வளவு நாளா?” என்றுதான் கேட்கிறார்கள். இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதற்கான பதில்தான். கோயிலுக்குள் நடந்த வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. நாள் பிடித்தது வாசலுக்கு வெளியே, நகராட்சி மன்றத்தின் வழியாக நடக்க வேண்டியிருந்த வேலை.

பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும், நம் கோயிலுக்கு மூன்று படி ஏறித்தான் போக வேண்டும். தார் மேல் தார் போட்டுப் போட்டு மூன்று படியும் ரோட்டுக்கு அடியில் போய்விட்டன. கடைசியில் வாசலில் ஒரு படி இறங்க வேண்டிய நிலை. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்ட நாட்களில் கருவறை வாசல் வரை தண்ணீர் நின்றது. அதை ஆற்று வெள்ளம் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். ஆறு நம் தெருப் பக்கம் வரவே இல்லை. நின்றது முழுக்க தெருத் தண்ணீர், போக வழியில்லாமல் பள்ளத்தைத் தேடி வந்தது.

திருப்பணி பேச்சு தொடங்கியதும் ஸ்தபதியிடம் முதலில் கேட்டது இதைத்தான். கோயில் தளத்தை ஒரு முழம் உயர்த்திவிடலாமா? உயர்த்தலாம், ஆனால் மண்டபத் தூண்கள் குட்டையாகிவிடும், நிலைவாசலில் தலை இடிக்கும், மூலவரையும் எடுத்து மறுபடி நிறுத்த வேண்டும் என்றார். அடுத்த முறை ரோடு போட்டால் மீண்டும் இதே கதைதான். ஆகவே கோயில் இருக்கிற மட்டத்திலேயே இருக்கட்டும், தெரு இறங்கட்டும் என்று குழுவில் முடிவானது. அன்று இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. நமக்குப் பக்கபலமாக ஒரு காகிதம் இருந்தது. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு 2021 மே மாதம் அறிவுறுத்தியிருந்தார். அதன் நகலை ஒவ்வொரு மனுவோடும் இணைத்தோம்.

மனு முதலில் பேச்சாகப் போனது, வார்டு மக்கள் கூடித் தங்கள் பகுதித் தேவைகளைப் பேசும் ஏரியா சபையில். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, நகரப் பகுதிகளில் முதன்முறையாக அந்தச் சபை கூடியது. கிராமசபை தெரியும், இது என்ன புதுசாக என்று ஆண்கள் பலர் வரவில்லை. வந்தது பெண்கள்தான். நம் தெருவின் மூத்த ஆயா ஒருவர் கவுன்சிலரைப் பார்த்து, “ஏம்மா, சாமி இருக்கிற எடத்துக்குள்ள சாக்கடை பூந்தா உனக்கு இன்னா, எனக்கு இன்னான்னு இருக்க முடியுமா?” என்று கேட்டார். “எழுதிக் குடுங்க ஆயா, மன்றத்துல வைக்கிறேன்” என்றார் கவுன்சிலர். சொன்னபடி வைக்கவும் செய்தார். கட்சி பார்க்காமல் நன்றி சொல்ல வேண்டியது நம் கடமை.

அப்புறம்தான் நடைமுறை தெரிய வந்தது. மனு நேராக மன்றத்துக்குப் போவதில்லை. பொறியியல் பிரிவிலிருந்து ஆள் வந்து அளக்க வேண்டும். அளவை வைத்து எஸ்டிமேட், அதற்குத் தொழில்நுட்ப அனுமதி, எந்த நிதியில் செய்வது என்ற குறிப்பு, அந்தக் குறிப்பு மாதாந்திரக் கூட்டத்தின் அஜெண்டாவில் ஏற வேண்டும். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்த மாதம்தான்.

பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து மன்றக் கூட்டத்தைப் பார்த்தது நல்ல அனுபவம். ஊரின் அன்றாட வாழ்க்கை அந்த அஜெண்டாத் தாள்களில்தான் இருக்கிறது. குடிநீர் மோட்டாருக்குக் காயில் கட்டிய செலவு, குப்பை வண்டிக்கு டயர், தெருவிளக்குச் சாமான், தினசரி மார்க்கெட் சுங்கக் குத்தகை, பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பிட ஏலம். அஜெண்டாவின் ஒவ்வொரு பொருளையும் படிக்கப் படிக்க ‘ஆல் பாஸ்’, அதாவது எல்லோருக்கும் சம்மதம் என்று குரல் வரும், உடனே அடுத்தது. தெருநாய் கருத்தடை வந்தபோது மட்டும் எல்லா வார்டும் எழுந்து நின்றது. எல்லோர் தெருவிலும் நாய் இருக்கிறது, எல்லோருக்கும் பேச இருக்கிறது. நம் பொருள் முதல் தடவை வந்தபோது ‘ஒத்திவைப்பு’ என்ற ஒரு சொல்லோடு போய்விட்டது.

காரணம் இருந்தது. மனுவில் தெரு மட்டத்தோடு சேர்த்து, படுகளத் திடலைச் சுற்றி மதில் கட்ட அனுமதியும் கேட்டிருந்தோம். வருஷா வருஷம் மகாபாரதக் கதையைச் சொல்லியும் கூத்தாக ஆடியும் பாரத விழா நடப்பதும், துரியோதனன் வீழ்வதைக் காட்டும் படுகளத்துக்கு அவன் உருவத்தை மண்ணால் போடுவதும், தீமிதிக்குக் குண்டம் வெட்டுவதும் அங்கேதான் என்பதால் திடல் கோயிலுக்குத்தான் சொந்தம் என்று நம்மில் பலர் நினைத்திருந்தோம். நகரளவைப் பதிவேட்டில் அது நகராட்சித் திடல். பாரதம் நடக்கும் நாட்கள் போக மற்ற நாட்களில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவது அங்கே, ஷேர் ஆட்டோ திரும்புவது அங்கே, பக்கத்துத் தெரு பள்ளிவாசலிலிருந்து ஜனாஸா (இறுதி ஊர்வலம்) போகும்போது வண்டிகள் ஒதுங்குவதும் அங்கே. மதில் எழுப்பினால் இத்தனையும் நிற்கும். மன்றத்தில் எழுந்த ஆட்சேபணை நியாயமானது என்று குழுவுக்குப் பட்டது. மதிலைக் கைவிடுகிறோம், திடல் பொதுவாகவே இருக்கட்டும், விழா நாட்களில் மட்டும் வழக்கம்போல அனுமதி வாங்கிக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். மதிலுக்கென்று பணம் கொடுத்த உபயதாரர்கள் கோபப்பட்டார்கள். அவர்களிடம் கேட்டு, ஒப்புக்கொண்டவர்கள் தொகையை வடிகாலுக்கு மாற்றினோம். ஒப்பாதவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

மதில் போனதும் பொருள் அடுத்த கூட்டத்திலேயே ஏறியது. அதன் வாசகத்தை அப்படியே தருகிறோம், நகல் கோயில் பீரோவில் இருக்கிறது:

“திரௌபதி அம்மன் கோயில் தெருவில் பழைய சாலையைச் சுரண்டி மட்டம் குறைத்துத் தார்ச்சாலை அமைத்தல், மழைநீர் வடிகால் கட்டுதல் மற்றும் திடலைச் சமன்செய்தல் – நமக்கு நாமே திட்டம் – பொதுமக்கள் பங்களிப்பு மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு – மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும். தீர்மானம்: அனுமதிக்கப்பட்டது.”

நமக்கு நாமே 1997-98இல் வந்த பழைய திட்டம். 2021இல் மறுபடி நடைமுறைக்கு வந்தது. மக்கள் தரப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டினால் மீதி அரசுப் பணம். நம் பங்கை நகராட்சிக் கணக்கில் கட்டினோம். கோயில் பணத்தை ரோட்டுக்குப் போடுவதா என்ற கேள்வி பொதுக்குழுவில் வந்தது. உண்டியல் பணத்தையோ திருப்பணிக்கென்று வந்த உபயத்தையோ இதில் தொடவில்லை. தெருவில் வீட்டுக்கு வீடு தனி ரசீது போட்டு வாங்கிய பணமும், மதிலிலிருந்து சம்மதத்தோடு மாற்றியதும்தான் போனது.

பேவர் பிளாக் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். முதல் எஸ்டிமேட்டில் திடல் முழுக்க பேவர் பிளாக் பதிப்பதாக இருந்தது. கேட்டதும் எல்லோருக்கும் சந்தோஷம். சேறு இருக்காது, பார்க்க லட்சணமாக இருக்கும். கூத்து வாத்தியார்தான் எச்சரித்தார். படுகளத்து உருவத்துக்கு மண் வெட்டிக் குழைப்பது திடலிலேயே. தொடையில் அடிபட்டு ரத்தம் கொட்டுவதாகக் காட்ட உருவத்துக்குள் சிவப்புச் சாயம் வைத்த மண்கலயம் புதைப்பார்கள். அதற்கெல்லாம் அடியில் மண் வேண்டும். அர்ஜுனன் தவத்தைக் காட்டும் தபசு மரம் நட ஆழக் குழி வேண்டும். குண்டத்துத் தணல் பட்டால் பேவர் பிளாக் வெடித்துச் சிதறும். வட ஆற்காட்டில் பாரதம் இன்னும் உயிரோடு இருப்பதற்கு இப்படி மண்ணாகக் கிடக்கும் திடல்களும் ஒரு காரணம் என்பது எங்கள் கருத்து. ஆகவே திடலை மண்ணாகவே விட்டு, தண்ணீர் வடிகாலுக்கு ஓடுகிற மாதிரி சரிவு மட்டும் கொடுத்தால் போதும் என்று கேட்டோம். உதவிப் பொறியாளர் முதலில் நம்பவில்லை, பேவர் பிளாக் வேண்டாம் என்று சொல்லும் தெருவை அவர் பார்த்ததில்லையாம். எஸ்டிமேட் திருத்தப்பட்டது. மிச்சப்பட்ட தொகையில் வடிகால் தெருக்கோடி சிறுபாலம் வரை நீண்டது. பேவர் பிளாக் இல்லையே என்று இப்போதும் குறைப்படுபவர்கள், இந்த வருஷப் படுகளத்தைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

சரி, பணமும் கட்டியாயிற்று, தீர்மானமும் ஆயிற்று, ஒப்பந்தப்புள்ளி திறக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது 2024 மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்து நடத்தை விதிகள் அமலுக்கு வந்தன. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்றே ஓட்டு முடிந்துவிட்டாலும், ஜூன் 4 எண்ணிக்கை முடியும் வரை புது வேலை எதையும் தொடங்க முடியாது. வேலைக்குத் தோதான கோடை முழுக்கப் போயிற்று. அந்தச் சித்திரைப் பாரதம் பழைய மேடுபள்ளத்திலேயே நடந்தது. தாமதத்துக்குக் குழுவைத் திட்டியவர்கள் இந்த மாதங்களை மட்டும் கழித்துவிட்டுத் திட்டினால் நல்லது.

ஜூனுக்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. வடிகாலுக்கு மார்க் போட்டபோது பாதி வீடுகளின் படி கால்வாய் மேலேதான் இருந்தது தெரிந்தது. முதலில் இடித்தது எங்கள் பொருளாளர் வீட்டுப் படி. அதற்குப் பிறகு மற்றவர்களிடம் பேசுவது சுலபமாயிற்று. இடித்தவர்களுக்குக் கழற்றி மாட்டுகிற சிமெண்ட் பலகைப் படி போட்டுக் கொடுத்தோம். தூர் வாரும்போது அதைத் தூக்கிவிடலாம். தார் சுரண்டும் இயந்திரம் வந்தபோது தெருவே கூடிவிட்டது. ஒவ்வொரு அடுக்காகப் பெயர்ந்து கடைசியில் பழைய படிகளில் இரண்டு வெளியே வந்தன. மூன்றாவது படி உடைந்துபோயிருந்தது. குடிநீர்க் குழாய் அதை ஒட்டியே போவதால் அதற்குக் கீழே தோண்டவில்லை. இரண்டு படி ஏறிப் போகிறோம், அது போதும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை வடமாவட்டங்களைப் போட்டு அடித்தது. ராத்திரி முழுக்கக் குழுவினர் வாசலில் டார்ச்சோடு நின்றார்கள். தண்ணீர் வடிகாலில் போயிற்று. கோயிலுக்குள் ஒரு சொட்டு இல்லை.

உள்வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். அறநிலையத்துறை அனுமதி, வேலை முடியும் வரை சாமியைத் தற்காலிக இடத்தில் வைத்து வழிபடும் பாலாலயம் எல்லாம் முறைப்படி நடந்தன. தூண்களில் ஏறியிருந்த பெயிண்டை எடுக்க மணல் பீய்ச்சும் முறை தடை செய்யப்பட்டது என்பதால் தண்ணீரும் தேங்காய்நார்ப் பிரஷும் வைத்துக் கையாலேயே எடுக்கப்பட்டது. விமானச் சுதைக்கு சிமெண்ட் கூடாது என்று ஸ்தபதி கறாராக இருந்தார். சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் ஊறவைத்த தொட்டி திருமண மண்டபத்துப் பின்கட்டில் மாதக்கணக்கில் கிடந்தது. அந்த வாசனையைப் பொறுத்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கு நன்றி. தளத்துக்குக் கருங்கல், மடப்பள்ளிக்குப் புதுக் கூரை, கொடிமரத்துக்குப் புதுக் கவசம். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் கல்லுக்கும் கல்தச்சர் கூலிக்கும் போனது.

கும்பாபிஷேகத்தன்று நகராட்சியிலிருந்து தண்ணீர் லாரியும் நடமாடும் கழிப்பறையும் வந்தன. அன்னதானத்துக்கு வாழை இலையும் பாக்குமட்டைத் தட்டும்தான். 2019 ஜனவரி முதல் தடையிலிருக்கும் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர் ஒன்றுகூட வரவில்லை என்று சுகாதார ஆய்வாளரே சொன்னார். கூட்டம் கலைந்த பிறகு இரவோடு இரவாகத் தெருவைத் துப்புரவாக்கிய தூய்மைப் பணியாளர்களுக்கு மறுநாள் முதல் மரியாதை செய்து வேட்டி சேலை கொடுத்தோம்.

இனி செய்ய வேண்டியவை. வழிபாட்டு இடத்துக்குச் சொத்துவரி கிடையாது, ஆனால் வாடகைக்கு விட்டிருக்கும் கோயில் கடைகளுக்கு உண்டு. பழைய பாக்கியைக் கட்டிவிட்டோம். இனி ஒவ்வொரு அரையாண்டின் வரியையும் அதன் முதல் மாதமான ஏப்ரலிலும் அக்டோபரிலுமே கட்டி 5 சதவீத ஊக்கத்தொகையை வாங்குவது புதுப் பொருளாளரின் வேலை. வடிகாலை ஐப்பசி மழைக்கு முன் தூர்வார ஆவணியிலேயே மனு கொடுக்க வேண்டும். நிலைவாசலை ஒட்டிய முதல் தூணின் அடிப்பீடத்தில் உளியால் ஒரு கோடு வெட்டியிருக்கிறோம். தெரு மட்டம் அந்தக் கோட்டுக்கு மேல் ஏறக் கூடாது. குழாய் பதிக்கவோ கேபிள் போடவோ யார் தோண்டி மூடினாலும், மூடும் அன்றே யாராவது ஒருவர் போய் அந்தக் கோட்டைப் பார்த்துவிட வேண்டும். தார் போட்ட பிறகு பேசிப் பயனில்லை.

சாரக் கம்புகள், தகரம், கழற்றிய பழைய மடப்பள்ளி ஓடுகள் திருமண மண்டபத்தில் கிடக்கின்றன. வரும் பௌர்ணமி பொதுக்குழுவில் ஏலம் விடுகிறோம். ஓடுகள் மட்டும் தனி ஏலம். கேட்பு விலையை அன்று சொல்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு