அம்மிணிக்கு: அந்த முதல் ஒரு மணி நேரம்

கொழிஞ்சாம்பாறை,
ஆடி 10

அன்பு அம்மிணி,

ஆஸ்பத்திரிப் பையில் என்ன வைக்கணும் என்று கேட்டிருந்தாய். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி, பழைய பருத்தி வேட்டியில் கிழித்த துண்டு நாலு, பிள்ளைக்கு ஒரு குல்லா. மற்றதைக் கடையில் வாங்கிக்கலாம்.

பிறந்ததும் பிள்ளையை நேராக உன் வெறும் நெஞ்சில் போடச் சொல்லி டாக்டரிடமும் லேபர் ரூம் சிஸ்டரிடமும் இப்போதே பேசி வை. அந்த நேரத்தில் உனக்கு வாய் வராது. துடைத்த ஈரத்துணியாலேயே போர்த்திவிடுவார்கள், அதுதான் தப்பு. அதை எடுத்துவிட்டுக் காய்ந்த துணி போடணும். ஆடிக்காற்றில் ஈரத்துண்டு எப்படிச் சில்லிடும்? ஏசிக்கு அடியில் பிள்ளையின் உடம்பும் அப்படித்தான். அறை 25 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது.

பிள்ளையின் கையை மட்டும் துடைக்க வேண்டாம். அதிலுள்ள பனிக்குட நீர் வாசம்தான் பிள்ளைக்கு மார்பைக் காட்டும். கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும், அப்புறம் கையைச் சப்பும், காலால் உந்தி மெல்ல மேலே ஏறும். ஒரு மணி நேரம்கூட ஆகலாம். நடுவில் எடை பார்க்கத் தூக்கினால் திரும்ப முதலிலிருந்துதான். வைட்டமின் கே ஊசியை நெஞ்சில் கிடக்கும்போதே போடலாம்.

மூக்கில் கண் இருக்கட்டும். நீ பாதி சாய்ந்து படு. பிள்ளையின் தலை ஒருபக்கம் திரும்பி, மூக்கும் வாயும் தெரியணும். தாடை நெஞ்சில் மடங்கினால் மூச்சு அடைக்கும். போர்வை தோள் வரைக்கும் போதும். உனக்குக் கண் சொக்கினால் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடு. போன் எடுக்காதே. பிள்ளை துவண்டாலோ, உதடு நீலமானாலோ உடனே சிஸ்டரைக் கூப்பிடு.

சிசேரியன் ஆனாலும், முதுகு ஊசிதான் என்றால் நீ விழித்திருப்பாய். மார்பில் குறுக்காகப் போடலாம். முடியாவிட்டால் மாப்பிள்ளை சட்டையைக் கழற்றட்டும், அவர் சூடும் சூடுதான். எடை இரண்டரை கிலோவுக்குக் குறைந்தால் இதையே நாளுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல் செய்யணும். கங்காரு முறை என்பார்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கியது.

உன் மாமியார் பொன்னும் வயம்பும் (நம்ம வசம்புதான்) உரைத்து பிள்ளையின் நாக்கில் தொட வருவார். நம்ம வீட்டில் சேனைத் தண்ணி, அதாவது சர்க்கரைத் தண்ணி, வைக்கணும் என்பார்கள். இரண்டும் வேண்டாம். சீம்பால் ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன்தான் வரும், அதுவே போதும். குளிப்பாட்டலும் ஒரு நாள் கழித்து.

வேட்டித் துண்டுகளைத் துவைத்து வெயிலில் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொச்சிக்கு வரும்போது உன் அப்பா கொண்டு வருவார்.

அம்மா