செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் இரண்டு முறை கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள், இல்லாமல் கலைந்தது. இரண்டு சொற்பொழிவுகளும் ஒரு பயிலரங்கும் நடந்தன. பயிலரங்கில் மைக் மக்கர் செய்தது எல்லோருக்கும் தெரியும்.

இளம் ஆய்வாளர்களுக்குத் துணைநிற்கும் திட்டம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "கைடு இருக்கும்போது இது எதற்கு?" என்று போன ஆண்டு இதே கூட்டத்தில் கேட்டீர்கள். கைடு, அதாவது ஆய்வு நெறியாளர், ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுகிறவர். அவரிடம் போய், "கட்டுரையில் உங்கள் பெயர் எதற்கு?" என்று எந்த மாணவர் கேட்பார்? மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு கட்டுரையாசிரியருக்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது, நான்கும் நிறைவேற வேண்டும். நிதி வாங்கித் தந்தது மட்டும் போதாது. ஆய்வேட்டை முடிக்கப்போகும் பிள்ளைகள்கூட இதை எங்களிடம்தான் முதலில் கேள்விப்பட்டார்கள். கைடுகள் சிலரும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு பெண், இதழுக்காகத் தம் கட்டுரையைப் படித்துப் பார்த்த மதிப்பாய்வாளர் அனுப்பிய 17 குறிப்புகளை அச்செடுத்து வந்தார். ஓரமெல்லாம் சிவப்பு மையில் அவர் போட்ட சண்டை. அதை முழுக்கப் படித்துச் சிரித்துவிட்டு, ஒரு தாளை இரண்டாக மடித்தோம். இடப்பக்கம் குறிப்பு, வலப்பக்கம் பதில், எந்த வரியில் திருத்தினோம் என்பதோடு. 11 குறிப்புகள் நியாயமானவை என்று அவரே ஒப்புக்கொண்டார். நான்கிற்கு மரியாதையாக மறுப்பு எழுதினோம். மிச்சம் இரண்டும் மதிப்பாய்வாளர் தம் சொந்தக் கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொன்னவை. அதை இதழாசிரியருக்குத் தனியாகத் தெரிவித்தோம். மூன்று மாலைகள் ஆயின. கட்டுரை இன்னும் இதழில் வரவில்லை.

இன்னொருவர், ஓர் இதழுக்கு அனுப்பிய கட்டுரைக்கு மூன்றே நாளில் ஏற்புக் கடிதம் வந்துவிட்டதென்று சந்தோஷமாக வந்தார். கூடவே கட்டணச் சீட்டு. அந்த இதழின் ஆசிரியர் குழுவில் போட்டிருந்த ஒரு பேராசிரியருக்கு எழுதிக் கேட்டால், தன் பெயர் அங்கே இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. நல்லவேளை, பணம் கட்டவில்லை.

வழிகாட்ட 12 பேர் பெயர் கொடுத்தீர்கள். வந்தவர்கள் ஐந்து பேர், என்னையும் சேர்த்து. மூத்த உறுப்பினர் ஒருவர் தம்மிடம் ஒப்படைத்த மாணவரைத் தம்முடைய தரவுகளைத் தட்டச்சு செய்ய வைத்தார். பெயர் வேண்டாம், அவர் இன்றும் வரவில்லை.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். போன ஆண்டைவிடச் சற்று இறக்கம்தான், சமாளிக்கலாம். சந்தா பாக்கிப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்றேன். செயற்குழுவில் பாதிப் பேர் அதில் இருந்ததால் தீர்மானம் நிறைவேறவில்லை.

தலைவருக்கும், பொருளாளருக்கும், கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பு வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். வேறு யாரும் முன்வராவிட்டால், சரி, பார்க்கலாம். எட்டு இளம் ஆய்வாளர்கள் இப்போதே காத்திருக்கிறார்கள். மாதம் ஒரு மணி நேரம் போதும். வழிகாட்டிகளுக்கான பதிவேடு வெளியே மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன். சந்தா ரசீதுப் புத்தகமும் பக்கத்திலேயே இருக்கிறது.

செயலாளர்