40 பேர்ச் எண்டா ஒரு றூட்தானே?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்கட பேப்பரில மாணவர் பக்கம் வாற நாளில எங்கட வீட்டில அந்தப் பக்கம்தான் முதல்ல காணாமப் போகும், அக்காட மகன் ஏஎல்லுக்கு ஐசிடி எடுக்கிறான், நான் பாக்க முந்தி கிழிச்சி எடுத்திருவான். அந்த உரிமையிலதான் இத எழுதுறன். அதில வாற பைத்தன் எண்ட கம்பியூட்டர் மொழிக் கேள்வியெல்லாம் இந்தக் கோடுக்கு (எழுதின புரோகிராமுக்கு) அவுட்புட் என்ன, இந்த லூப் எத்தின தரம் ஓடும் எண்டுதான் கிடக்கு. சோதினைக்கு அது வேணும்தான், பிழை சொல்லல்ல. ஆனா எழுதின கோட டெஸ்ட் பண்றது எப்பிடி, அத இன்னொராள் எடுத்துப் பாவிக்கிற மாதிரி கட்டிக் குடுக்கிறது எப்பிடி எண்டு ஒரு நாளும் வந்ததில்ல.

மருமகன் போன லீவுக்க ஒரு சின்னக் கணக்கு லைப்ரரி, அதாவது மத்த ஆக்களும் எடுத்துப் பாவிக்கிற கோட் கட்டு, எழுதினான். காணிக் கணக்குத்தான். எங்கட பக்கத்து உறுதியெல்லாம் ஏக்கர், றூட், பேர்ச் எண்டு கிடக்கும், இப்ப நில அளவையாளர் கீறித் தாற பிளான் ஹெக்டயரில வருது, படுவான்கரையில வயல் வச்சிருக்கிற ஆக்களுக்கு ரெண்டையும் பொருத்திப் பாக்கிறது பெரிய தலையிடி. 40 பேர்ச் ஒரு றூட், 4 றூட் ஒரு ஏக்கர், ஒரு பேர்ச் எண்டா 272.25 சதுர அடி, மீற்றரில சொன்னா 25.29 சதுர மீற்றருக்குக் கிட்ட. நாலு பங்ஷன், அதாவது ஒவ்வொரு வேலையச் செய்யிற நாலு துண்டுக் கோட், அவ்வளவுதான். அவன் படிச்ச கோர்ஸ் ஒண்டில இதையே புரொஜெக்டாக் குடுத்து, ஒரு ஏக்கரப் போட்டு 160 பேர்ச் வந்தத பாத்திட்டு முழு மார்க்கும் சேர்ட்டிபிக்கட்டும் குடுத்திட்டாங்க. ஒரேயொரு எண்ணப் போட்டுத்தான் பாத்திருக்காங்க ஐயா!

மறுகா ஒரு நாள் மச்சான் தன்ட பிளானக் கொண்டு வந்து 0.2023 ஹெக்டயர், இத அடிச்சிப் பாரு மனே எண்டார். அரை ஏக்கர் வயல் அது, உறுதியில ரெண்டு றூட் எண்டு கிடக்கு. ஸ்கிரீனில வந்தது 0 ஏக்கர் 1 றூட் 40.0 பேர்ச். மச்சான் கண்ணாடியக் கழட்டித் துடைச்சிப் போட்டு திரும்பப் பாத்தார், "40 பேர்ச் எண்டா ஒரு றூட்தானே, அத ஏன் தனியா வச்சிருக்காய்?"

நடந்தது என்னெண்டா 0.2023 ஹெக்டயர பேர்ச்சாக்கினா 79.98 வரும், இவன் முதல்ல 40ஆல பிரிச்சி ஒரு றூட்ட எடுத்திட்டான், மிச்சம் 39.98, அத கடைசியா ஒரு தசமத்துக்கு மட்டந்தட்டக்குள்ள 40.0 ஆப் போச்சி. முதல்ல மட்டந்தட்டிப் போட்டு மறுகா பிரிச்சிருந்தா 80.0, ரெண்டு றூட், சரியா வந்திருக்கும். ரெண்டு வரிய மேல கீழ மாத்தினதுதான் திருத்தம். ஆனா அது பிழையெண்டு தெரியிறதுக்கு மச்சானும் ஒரு உறுதியும் வேண்டிக்கிடந்திச்சி.

அண்டைக்கு ராவே பைடெஸ்ட் எண்ட, கோட டெஸ்ட் பண்ற கருவியப் போட்டு அவன இருத்தினன். 0 போடு, மைனஸ் போடு, 39.9, 40, 159.9, 160 போடு, மறுகா 0இலருந்து 1600 வரைக்கும் 0.1 கூட்டிக் கூட்டி ஓட விட்டு பேர்ச் பக்கம் எப்பவும் 40க்குக் கீழதான் நிக்குதா எண்டு பாரு எண்டன். அதிலயும் ஒரு கூத்து. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினா பைத்தன் 0.30000000000000004 எண்டு காட்டும், பொடியன் லப்டொப் பழுதெண்டு நினைச்சிட்டான். மூண்டிலொண்ட தசமத்தில எழுதி முடிக்க ஏலாத மாதிரி, பத்திலொண்ட கம்பியூட்டர் பாவிக்கிற 0, 1 மட்டும் உள்ள பைனரியில எழுதி முடிக்க ஏலாது, அதால தசம எண்ண ரெண்டு சமன் குறி போட்டு ஒப்பிடாம கிட்டத்தட்ட சமனா எண்டுதான் பாக்கோணும், அதுக்கெண்டே இஸ்க்ளோஸ் எண்டொரு பங்ஷன் பைத்தனோடயே வருது. 2.5ஐ ரவுண்ட் பண்ணினா 2 வரும், 3.5க்கு 4 வரும், ஏனெண்டா சரி பாதியில நிக்கிற எண்ணப் பைத்தனிட மூண்டாம் பதிப்பு இரட்டை எண் பக்கம்தான் தள்ளும். ஸ்கூலில படிச்ச மட்டந்தட்டல் வேற. இதெல்லாம் டெஸ்ட் எழுதப் போனாத்தான் கண்ணில படும்.

பக்கேஜ் கட்டுறது இன்னொரு கத. கல்முனையில இருக்கிற அவன்ட கூட்டாளிக்கு வீல் பைல, அதாவது பக்கேஜாக் கட்டின பைல, அனுப்பினான், அங்க அத இன்ஸ்டோல் பண்ணி இம்போர்ட் பண்ணினா மொடியூலே, அதாவது அவன்ட கோடே, இல்லையாம். இஞ்ச ஓடுது, அங்க ஓடுதில்ல. இஞ்ச அவன் அந்தப் போல்டருக்குள்ளயே நிண்டுகொண்டு ஓட்டினபடியா பைத்தன் பக்கத்தில கிடந்த கோட எடுத்திட்டு, கட்டின பைலுக்குள்ள கோட் போகவேயில்ல. கோட எஸ்ஆர்சி எண்ட போல்டருக்குள்ள தள்ளி வச்சி, வேறொண்டும் இன்ஸ்டோல் பண்ணாத ஒரு வெறும் பைத்தன் என்வைரன்மென்ட் புதுசாத் திறந்து, அதில இன்ஸ்டோல் பண்ணி டெஸ்ட் ஓடினாத்தான் கணக்கு.

இதெல்லாம் சின்ன லைப்ரரிதானே எண்டு சிரிக்கிற ஆக்களும் இரிக்காங்க. 2016 மார்ச்சில லெஃப்ட்-பேட் எண்ட 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் கோட எழுதினவர் அத இணையத்திலருந்து எடுத்துப் போட்டாப்போல, அத நம்பியிருந்த எத்தினையோ பேர்ட வேலை உலகம் முழுக்க நிண்டுபோச்சி.

ஐயா, நான் கேக்கிறது இவ்வளவுதான். மாணவர் பக்கத்தில கிழமைக்கு ஒரு சின்ன பங்ஷன் போடுங்க, அவுட்புட் என்னெண்டு கேக்காம, இத உடைக்கிறதுக்கு என்னென்ன எண் போடுவீங்க எண்டு கேளுங்க. விடைய அடுத்த கிழமை போடுங்க. ஒரு கால் பக்கம் காணும்.

எங்கட ஆள் இப்ப அத டெஸ்ட் பைபிஐ எண்ட, பைத்தன் பக்கேஜ ஏத்திப் பழகுற இணையத் தளத்தில ஏத்தியும் போட்டான். 0.1.0 எண்ட முதல் பதிப்ப விளக்கம் ஒண்டும் இல்லாம வெறுமையா ஏத்திப் போட்டு, அழிச்சிப் போட்டு அதே நம்பரில திரும்ப ஏத்தப் பாத்தான், அது விடாது, ஒருக்காப் போன பைல் பேர் போனதுதான். இப்ப 0.1.1. அதில முதலாவது டெஸ்ட் மச்சான்ட 0.2023.

இப்படிக்கு,
கல்லடியிலருந்து ஒரு வாசகன்