தோப்புக்குள் நிற்கும் கல்

ஆசிரியருக்கு வணக்கம். சேலம்–சென்னை எட்டு வழிச் சாலையை 2018-ல் சுமார் 10,000 கோடி ரூபாயில், 277 கிலோமீட்டருக்கு அறிவித்த கையோடு எங்கள் அரூர் பக்கம் வந்து தோப்புக்குள் அளவுக்கல் நட்டார்கள், அதில் ஒன்று எங்கள் சித்தப்பா கிணற்றுக்குப் பத்தடி தள்ளி. 2019-ல் நில எடுப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்றது. கல் அப்படியேதான் நிற்கிறது, சித்தி அதில் ஆட்டைக் கட்டுகிறார். சென்னைக்குப் போக கிருஷ்ணகிரி வழி ஒன்று, உளுந்தூர்பேட்டை வழி ஒன்று என ஏற்கெனவே இருக்கிறது. சரி, பணம் அவ்வளவு இருந்தால் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரிகள் முன்னால் போகிற வண்டிகளை நசுக்குகின்றனவே, முதலில் அந்த இறக்கத்தைச் சரிசெய்யுங்கள். அப்புறம் எங்கள் தென்னைகளை எண்ண வாருங்கள்.

– அரூர் வாசகர்