காட்டோரத் தோப்பு நாய்களுக்குத் தடுப்பூசி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டு நாய்களைப் பற்றிய செய்திகளும் படங்களும் சில ஆண்டுகளாக நாளிதழ்களில் அடிக்கடி வருவது, இராஜபாளையம் பகுதியைச் சேர்ந்தவனும் கால்நடை ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவனுமான எனக்கு மகிழ்ச்சி அளிக்கிறது. 2005-ஆம் ஆண்டில் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாயினத் தபால் தலைகளுள் ஒன்று எங்கள் ஊர் நாயினுடையது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் இராஜபாளையம், சிப்பிப்பாறை ஆகிய இரண்டையும் தனி இனங்களாகப் பதிவு செய்துள்ளது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் இவ்விரண்டோடு கன்னி, கோம்பை இனங்களின் பெயர்களையும் சொன்ன பிறகு, குட்டி கேட்டு வருவோரும் கூடிவிட்டனர். ஆகவே பெருமைக்கு இங்கே குறைவில்லை. ஆனால் இந்த நாய்களுக்கும், எங்கள் ஊருக்கு மேற்கே எழுந்து நிற்கும் மலைக்காட்டுக்கும் ஒருசேர நன்மை தரக்கூடிய ஒரு சாதாரண வேலை, அதாவது காட்டோரத்து நாய்கள் அனைத்துக்கும் ஆண்டுதோறும் தவறாமல் தடுப்பூசி போடும் வேலை, இன்னும் முழுமையாக நடக்கவில்லை. அதைப் பற்றியே இக்கடிதம்.

மேற்கே இருப்பது சாதாரணக் காடன்று. சாம்பல் நிற அணில்களுக்காக 1988-இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் அது. 2021 பிப்ரவரியில் மேகமலையையும் சேர்த்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பில், திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக, தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாக ஆயிற்று. யானை, காட்டு மாடு, சிறுத்தை, செந்நாய், வரையாடு என்று அங்கே வாழ்பவை பல. இந்தச் சாம்பல் நிற அணில் உலகில் தென்னிந்தியாவின் சில காடுகளிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ளது. மரத்துக்கு மரம் கிளை வழியாகவே தாவிச் செல்லும் உயிர் அது. கிளைகள் ஒன்றோடொன்று தொடாத இடத்தில் வேறு வழியின்றித் தரையில் இறங்கி ஓடும்போதுதான் அதற்கு ஆபத்து. செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோவில் பாதையிலும் மாந்தோப்புகளும் புளிய மரங்களும் காட்டோடு இணைந்தே கிடப்பதால், அணிலுக்கு எது காடு, எது தோப்பு என்ற பேதம் கிடையாது. தோப்பு நாய்க்கும் அந்தப் பேதம் கிடையாது என்பதே நான் சொல்ல வருவது.

வத்திராயிருப்பு, பிளவக்கல் பக்கத்திலிருந்து சேத்தூர், தேவதானம் வரை மலையடிவாரத்தில் உள்ள தென்னந்தோப்பு, மாந்தோப்புகளில் காவலுக்கு நாய் இல்லாத இடத்தைக் காண்பது அரிது. இரவில் பன்றி வந்தால் குரைத்து எழுப்பவும், யானையின் வரவை முன்கூட்டி உணர்த்தவும் அவை தேவைப்படுகின்றன. காவலாளியின் உயிருக்கே அவை துணை என்றாலும் மிகையாகாது. அவற்றுள் சில நல்ல சாதி நாய்கள், பெரும்பாலானவை கலப்பு. பகலில் கட்டிப்போடுவோர் குறைவு. கட்டவிழ்ந்த நாய் ஓடையில் நீர் குடிக்கிறது, காட்டுக்குள் கிடக்கும் செத்த மாட்டைத் தின்னப் போகிறது, அணிலையும் முயலையும் மானையும் துரத்துகிறது, சில நாள்கள் சிறுத்தைக்கு இரையாகவும் ஆகிவிடுகிறது. இவை ஒவ்வொன்றும் நாயின் உடலில் உள்ள நோய் காட்டு விலங்குக்குப் போவதற்கும், காட்டிலிருந்து நோய் ஊருக்குள் வருவதற்கும் திறந்திருக்கும் வாசல்கள். நாயைத் தாக்கும் வெறிநோயும், டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோயும் அதே குடும்பத்தைச் சேர்ந்த செந்நாயையும் தாக்கும். சிறுத்தையும் புலியும் பூனைக் குடும்பம்தானே என்று இருந்துவிடவும் முடியாது, ஏனெனில் டிஸ்டெம்பர் பெரும்பூனைகளையும் விட்டுவைப்பதில்லை.

இது வீண் அச்சம் என்று எண்ணுவோருக்கு குஜராத்தின் கிர் காட்டில் நடந்ததை நினைவூட்டுகிறேன். 2018 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அங்கே ஒரே பகுதியில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்து மடிந்தன. அவற்றுள் பலவற்றின் உடலில் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது ஆய்வில் தெரிய வந்தது. அதன் பிறகு அவசர அவசரமாக அமெரிக்காவிலிருந்து தடுப்பு மருந்து வரவழைக்கப்பட்டது. அதற்கும் முன்பே, 1994-இல், தான்சானியாவின் செரங்கெட்டியில் இதே நோய் அங்கிருந்த சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அழித்துவிட்டது. காட்டைச் சுற்றியிருந்த ஊர்களில் தடுப்பூசி போடப்படாத நாய்கள் ஏராளமாக இருந்தன என்பதை அப்போதைய ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். சிங்கத்தைப் பிடித்து ஊசி போடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்ல வேண்டியதில்லை. தோப்பு நாய்க்கு ஊசி போட ஒரு சாக்குத் துண்டும், நாயின் வாயைப் பிடித்துக்கொள்ள அதன் எசமானரும் இருந்தால் போதும்.

ஆண்டுதோறும் உலக விலங்குவழி நோய்கள் நாளான ஜூலை 6-ஐயும் உலக வெறிநோய் நாளான செப்டம்பர் 28-ஐயும் ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் வெறிநோய்த் தடுப்பூசி முகாம்கள் நடைபெறுகின்றன. அவற்றைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அவற்றில் பல ஆண்டுகள் நானே நின்றிருக்கிறேன். ஆனால் அங்கே வரிசையில் நிற்பவை பெரும்பாலும் காரிலும் ஸ்கூட்டரிலும் வந்து இறங்கும் நகரத்து நாய்களே. தோப்பில் மாதச் சம்பளத்துக்கு இருக்கும் காவலாளி, தன்னுடையதுமல்லாத முதலாளியுடையதுமல்லாத ஒரு நாயை, வாய்க்கட்டும் கழுத்துப்பட்டையும் இல்லாமல், பேருந்தும் ஏற்றாத நிலையில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் எப்படிக் கொண்டு வருவார்? ஊசி அவரிடம் போக வேண்டும். கோமாரி நோய்க்கு மாட்டுக் கொட்டகை தேடிச் சென்று ஊசி போடும் பழக்கம் நம் துறைக்கு நன்றாகவே உண்டு. அதே முறையில், அதே குளிர்பதனப் பெட்டியோடு, வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு தோப்பு தோப்பாகச் சென்றால் நடக்காத காரியம் ஒன்றுமில்லை. எந்தத் தோப்பில் எத்தனை நாய் என்பது அந்தக் காவலர்களுக்கு மனப்பாடம்.

வெறிநோய் ஊசி மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நாய்களில் 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் அந்த ஊசி போடப்பட்டால் நோய்ச் சங்கிலி அறுபடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மனித உயிரைக் காப்பதால் அதற்கு அரசின் கவனம் இயல்பாகவே கிடைக்கிறது. டிஸ்டெம்பர் மனிதரைத் தாக்காது. ஆகவே அதற்கான கூட்டுத் தடுப்பூசியை வளர்ப்பவர் தம் கையிலிருந்து காசு போட்டுத்தான் பெரும்பாலும் வாங்க வேண்டியிருக்கிறது. கண்ணிலும் மூக்கிலும் சளி வடிந்து, பின்னர் கைகால் வெட்டி இழுத்துச் சாகும் குட்டியைப் பார்த்து, ஏதோ விஷம் தின்றுவிட்டது என்று தோப்பிலேயே புதைத்துவிடுவார்கள். புலிகள் காப்பகத்தின் எல்லையை ஒட்டிய கிராமங்களுக்கு மட்டுமாவது இந்த ஊசியை அரசே இலவசமாக வழங்க வேண்டும் என்பது என் முதன்மையான கோரிக்கை. புலிகளைக் காக்கும் செலவுக் கணக்கில் இதைச் சேர்ப்பதில் எந்த முரணும் இல்லை.

இனி, நாய் வளர்ப்போரிடம். இராஜபாளையம் நாய் வெள்ளைக்காரன் குதிரைப்படையின் கால்களைக் கவ்வியது என்ற கதையைச் சொல்லாத குட்டி வியாபாரி இல்லை. தடுப்பூசி அட்டையை எடுத்து நீட்டும் வியாபாரிதான் அரிது. பால் வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் வேண்டும் என்பதற்காக நெருங்கிய இரத்த உறவுக்குள்ளேயே இணை சேர்த்ததன் விளைவாக, இந்த இனத்தில் பிறவிச் செவிடு கணிசமாகக் காணப்படுகிறது. வெள்ளை நிறத்துக்குக் காரணமான நிறமிக் குறைவு உட்காதையும் பாதிப்பதே இதற்குக் காரணம். செவிட்டுக் குட்டியைத் தெரிந்தே விற்பதும், அதையே மீண்டும் இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்துவதும் நம் பெருமைக்கு நாமே வைக்கும் கொள்ளி. 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான விதிகளின்படி, வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. முப்பது நாள் குட்டியைப் பழக்கூடையில் வைத்துச் சென்னைப் பேருந்தில் அனுப்பும் வழக்கம் இன்றும் நிற்கவில்லை. தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்புச் சக்தி குறைந்து, முதல் ஊசியும் போடாத பருவம் அது. வாங்குபவர்கள் அட்டையைக் கேட்கத் தொடங்கினால் இது தானாகவே மாறும்.

சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் வெளியில் முயலை விரட்டிப் பிடிக்கவென்றே உருவானவை. அவற்றின் அழகே ஓட்டத்தில்தான் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முயல் வேட்டை தண்டனைக்குரிய குற்றம். பாரிவேட்டை என்ற பெயரில் திருவிழாக் காலங்களில் நாய்களோடு காட்டுக்குள் செல்லும் வழக்கம் சில ஊர்களில் மிச்சமிருப்பதை நாம் மரபு என்று தாங்கிப் பேசலாகாது. அறுவடை முடிந்த நிலத்தில் விடியற்காலையில் நாயை ஓட விட இடம் நிறையவே உண்டு, முயலே வேண்டுமென்பதில்லை. மாடி வீட்டின் இரண்டு முழச் சங்கிலியில் சிப்பிப்பாறையைக் கட்டி வைத்து, அது கடிக்கிறது என்று புகார் சொல்பவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

ஊர்த் தெருக்களில் திரியும் நாய்களைப் பொறுத்தவரை, 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் கருத்தடையையும் தடுப்பூசியையும் உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பாக்கியுள்ளன. நகராட்சிகளில் இப்பணி ஓரளவு நடக்கிறது. மலையடிவார ஊராட்சிகளுக்கு அதற்கான அறுவை அரங்கோ ஆளோ இல்லை. ஆனால் காட்டுக்கு மிக அருகில் இருப்பவை அவைதாம். மாவட்ட நிர்வாகம் ஒன்றியத்துக்கு ஒரு நடமாடும் ஊர்தியையேனும் முதலில் இந்த ஊராட்சிகளுக்கு அனுப்பினால் நல்லது. இறைச்சிக் கடைக் கழிவைக் காட்டோர ஓடையில் கொட்டுவதைத் தடுப்பதும் இதோடு சேர்ந்ததே. அந்தக் கழிவு இருக்கும் வரை நாய்க் கூட்டம் அங்கிருந்து நகராது.

ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி செல்லும் பக்தர்கள் தாணிப்பாறை வழியில் குரங்குகளுக்கு பிஸ்கட் வீசுவதும், வீட்டில் பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் அதிர்ஷ்டத்துக்காக வளர்ப்பதும் இதே அறியாமையின் வேறு வடிவங்கள். கிளியும் ஆமையும் சட்டத்தால் காக்கப்படும் காட்டுயிர்கள், அவற்றைக் கூண்டில் வைத்திருப்பது குற்றம் என்பதைப் பள்ளிகளில் சொல்லித் தந்தால் பிள்ளைகளே வீட்டில் கேள்வி கேட்பார்கள்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். கால்நடைத் துறையின் தடுப்பூசி முகாம் அறிவிப்புகள் முகாம் முடிந்த மறுநாள் படத்தோடு வருகின்றன. முகாமுக்கு முந்தைய வாரமே, எந்த ஊர், எந்த இடம், எத்தனை மணி என்ற விவரங்களோடு விருதுநகர், தென்காசி, தேனி மாவட்டப் பக்கங்களில் அவை வெளிவருமானால் தோப்பு உரிமையாளர்கள் தங்கள் காவலாளிகளுக்கு முன்கூட்டியே சொல்லி நாய்களைக் கட்டி வைக்க முடியும். காட்டோரக் கிராமங்களுக்கான சிறப்பு முகாமை இவ்வாண்டின் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே நடத்தும்படி மாவட்ட ஆட்சியர்களையும், புலிகள் காப்பகத்தின் துணை இயக்குநர்களையும் தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். மழை தொடங்கிவிட்டால் ஓடைகளைத் தாண்டிப் பல தோப்புகளுக்கு ஊர்தி போகாது. ஓய்வு பெற்ற என்னைப் போன்ற ஆய்வாளர்கள் இப்பகுதியில் பலர் இருக்கிறோம். அழைத்தால் ஊதியமின்றி ஊசி போட வருவதற்கு ஆயத்தமாகவே இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
இராஜபாளையம்.