அறியாமை என்ற பெயரில் ஒரு மன்னிப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பெருந்தொற்றுக் கால நினைவுக் கட்டுரையில், ‘அறியாமையால் நேர்ந்த சில மனக்கசப்புகள் நீங்கலாக, குமரி மாவட்டம் வெளிமாநிலத்தவரை வீட்டுப் பிள்ளைகளாகவே நடத்தியது’ என்ற வரியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

வடசேரியில் என் வீட்டு மாடியில் 2018 முதல் மணிப்பூர் இளைஞர்கள் இருவர் குடியிருந்தனர். உணவகத்தில் சமையல் வேலை. 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியதும், அவர்கள் இரண்டாண்டாகப் பற்று வைத்திருந்த மளிகைக் கடையிலேயே, “சைனாக்காரனுக்கு இஞ்ச சாமான் இல்ல” என்று சொல்லிச் சாக்கடையோரம் நிற்க வைத்தார்கள். மூத்தவன் ஆதார் அட்டையைத் தூக்கிக் காட்டியபடி நின்றான். நான் போய்க் கேட்ட பிறகே அரிசி கிடைத்தது. அதுவும் பையைத் தரையில் வைத்து, மீதிச் சில்லறையை அதன்மேல் வீசி. மாதாமாதம் அவர்கள் பெயரைக் கணக்கில் எழுதியவருக்கு அவர்கள் யாரென்று தெரியாதாம்!

இத்தகைய வசைகளைத் தடுக்கும்படி மத்திய உள்துறை அமைச்சகம் அதே மார்ச்சில் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியதைத் தாங்கள் அறிவீர்கள். அருணாசல இளைஞர் நிடோ தானியா தில்லியில் கேலியை எதிர்த்ததற்காகத் தாக்கப்பட்டு இறந்ததும், அதையடுத்து வடகிழக்கு மக்களின் குறைகளை ஆராய மத்திய அரசு அமைத்த பெஸ்பருவா குழு இனவசையைத் தண்டிக்கச் சட்டத் திருத்தம் கோரியதும் 2014-இல். அப்போது கொரோனா ஏது?

ஈரானில் மீன்பிடிக்கப் போய்ச் சிக்கிய என் தங்கை மகன் அந்த ஜூலையில் கடற்படைக் கப்பலில் தூத்துக்குடி வந்து, தனிமை நாள்களை முடித்து ஊர் திரும்பியபோதும் தெருவில் கதவுகள் மூடின. ஆனால் அவனுக்கு அது இரண்டே வாரத்தில் தீர்ந்தது. அவனை எந்த நாட்டுக்காரன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒடுக்கப்பட்ட பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தின் பெருமையை ஆண்டுதோறும் மேடையில் முழங்குகிற மாவட்டம் நம்முடையது. தரையில் வீசிய கூலியைப் பொறுக்கிய தாத்தாவின் பேரன் என்பதால் அந்தச் சில்லறைச் சத்தம் எனக்குப் புதிதல்ல.

தங்கள் கட்டுரையின் படத்தில் உணவுப் பொட்டலம் வாங்க நிற்கும் இருவர் அந்தப் பிள்ளைகளே. ‘வடநாட்டுத் தொழிலாளர்கள்’ என்று அதன் கீழே அச்சிட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழில் அதை ‘மணிப்பூர் இளைஞர்கள்’ என்று திருத்தி வெளியிட்டால் போதும். ஊர் திரும்பிவிட்ட அவர்களுக்கு ஒரு பிரதியை நானே அனுப்பிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், வடசேரி, நாகர்கோவில்