தொலைநோக்கிக்குப் பற்றரி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம். வரும் அமாவாசைக்குக் கொழும்பு வெளிச்சத்தை விட்டு வெளியே போகிறோம். அங்கே கரண்ட் கிடையாது.

யூபிஎஸ்ஸில் கழற்றிய 12 வோல்ற், 7 அம்பியர்-அவர் ஈயப் பற்றரியை நம்பி வராதீர்கள். போன முறை நான் அதைத்தான் கொண்டு வந்தேன். சனிக் கோளைப் பிடித்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய நேரம் பார்த்து வோல்ற்றேஜ் இறங்கியது. தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மோட்டர் மவுண்ட் அணைந்து திரும்ப எழும்பியது, வானத்தோடு அதைப் பொருத்தி வைத்த அலைன்மென்ற் போயே போய்விட்டது.

கணக்கு லேசு. மவுண்டுக்கு 1.5 அம்பியர், லென்ஸில் பனி படியாமல் சூடாக்கும் பட்டிக்கு 1 என்று வைத்தால், 5 மணித்தியாலத்துக்கு 12.5 அம்பியர்-அவர் வேண்டும். ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். ஆக 7 என்பது 3.5 தான். லித்தியம் இரும்பு பொஸ்பேற் (LiFePO4) பற்றரி 20 அம்பியர்-அவர் என்றால் 16ஐத் தயங்காமல் எடுக்கலாம், பாரமும் குறைவு. விலை கூடத்தான். சார்ஜரும் அதற்குரியதே வேண்டும்.

செருக முன் பிளக்கின் நடுமுனை பிளஸ்ஸா என்று மல்டிமீற்றரால் பாருங்கள். பிளஸ் வயரில் பியூஸ் கட்டாயம். மீற்றர் இல்லாதவர்கள் சனிக்கிழமை வெள்ளவத்தைக்கு வாருங்கள், என்னிடம் இருக்கிறது.